சீட்டு வரும்வரை ஊதாத சங்கு

1942ஆம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கிய சமயம். அறந்தாங்கி சாலையில் இருந்த சித்தலூரில் தாசில்தார் ஒரு கூட்டம் போட்டார். பஞ்சாயத்து ஆபீசும் கடலை எண்ணெய் மில்லும் கைகோத்து, ஆபத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்வதென்று முடிவாயிற்று. மில் தன் சங்கைத் தரும். பஞ்சாயத்து வாளியும் மணலும் ஆளும் தரும். சங்கு மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் ஜனங்கள் பதுங்குகுழிக்குப் போக வேண்டும். நீட்டி ஒரே முறை ஊதினால் தீ. வாளிக்காரர்கள் ஓடி வர வேண்டும்.

இதையெல்லாம் எழுதியவர் பஞ்சாயத்து குமாஸ்தா ஆத்மநாதன். எட்டாவதுவரைதான் படிப்பு. ஆனால் அவர் எழுதிய காகிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. சங்குக் கயிறு அவருடைய தம்பி, பாய்லர் பார்க்கும் சிவசாமியின் கையில். ஊரைக் காப்பது தங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேர்தான் என்று ஆத்மநாதன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

மாரியம்மன் தேர் நிலையைவிட்டு நகரும்போது மில் சங்கு ஊதுவது பல வருஷப் பழக்கம். அந்தப் பங்குனியிலும் சிவசாமி ஊதினான். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் பதறியடித்துக் குழிக்குள் குதித்தார்கள். ஊர் சிரித்தது. ஆத்மநாதனுக்கு முகத்தில் கரி பூசினாற்போல் ஆயிற்று. மறுநாளே மில்லுக்குப் போய், பாய்லர் பக்கத்தில் ஒட்டியிருந்த ஏற்பாட்டுக் காகிதத்தின் நகலில் தாமாக ஒரு வரி சேர்த்தார்: 'பஞ்சாயத்து ஆபீஸ் சீட்டு இல்லாமல் எக்காரணம் கொண்டும் சங்கு ஊதக் கூடாது.' தாசில்தாரைக் கேட்கவில்லை.

சிவசாமி அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். "தீப்பிடிச்சாக்கூடவாண்ணே?"

"எழுதுனது எழுதுனதுதான். நீயா ஒண்ணுஞ் செய்யாதடா."

வைகாசியில் ஒரு நண்பகல், மில் பின்னால் குவிந்திருந்த கடலைத் தோலில் தீப்பிடித்தது. காற்று, கடலை மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கிப் பக்கம் அடித்தது. சிவசாமி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, கூலியாள் இருளாண்டியைச் சீட்டு வாங்கிவர விரட்டினான். ஆத்மநாதன் ஆபீசில் இல்லை. தெற்குக் கடைசியில் ஒரு குழி அரை முழம் ஆழம் குறைகிறதென்று கேள்விப்பட்டு, கோல் எடுத்துப் போய் அளந்துகொண்டிருந்தார். இருளாண்டி அவரைத் தேடிப் பிடிப்பதற்கே அரை மணி ஆகிவிட்டது. அப்போதும் அவர் தேதி போட்டுத்தான் சீட்டு எழுதினார்.

சங்கு ஊதியபோது கிட்டங்கிக் கூரை இறங்கிவிட்டது. மூட்டைகளை வெளியே இழுக்கப் போன சிவசாமியின் வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுவரில் இருந்த நகலும் எரிந்துபோயிற்று.

மறுநாள் விசாரணை. தாசில்தார் கையெழுத்திட்ட அசலை ஆத்மநாதனே படித்துக் காட்டினார். அதில் சீட்டைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. ஏன் உடனே ஊதவில்லை என்று தாசில்தார் கேட்டார். சிவசாமி அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்காத்தான் தோணுச்சுங்க, ஒரு சீட்டு வாங்கிக்கிருவோம்னு."

புத்தி இல்லாதவனுக்கு இனி மில்லில் இடமில்லை என்றார் முதலாளி. ஆத்மநாதன் காகிதத்தை மடித்துப் பழையபடி உறையில் போட்டார்.

மூன்று நாள் அவர் தம்பி வீட்டுத் தெரு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நாலாம் நாள் தாசில்தார் முன்னால் போய் நின்று, அந்த வரி தம்முடையது என்றார். தேரைப் பற்றிச் சொன்னார். தம்பி கேட்ட கேள்வியையும், தாம் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னார். குமாஸ்தா வேலை அன்றோடு போயிற்று. சிவசாமியை மில் வாசல் காவலுக்கு வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். பாய்லர் வேலை அந்தக் கைக்கு இனி ஆகாது.

சாயங்காலம் ஆத்மநாதன் தம்பி வீட்டுக்குப் போனார். கையில் வாழை இலை சுற்றிப் படுத்திருந்த சிவசாமி எழுந்து உட்கார்ந்தான்.

"எதுக்குண்ணே சொன்னீங்க? என் கைதான் போயிருச்சு. ஒங்க பேராச்சும் நின்னுருக்கும்ல?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி அழகம்மாள் வெளியே வந்தாள். புருஷனின் அண்ணனுக்கு முன்னால் அவள் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமா. இவுக அங்கன நிக்கயிலயே."

ஆத்மநாதன் "ஆமா" என்றார். அவள் தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதை எடுக்கவில்லை.