உப்புப் பார்க்காமல் வைத்த ஷிலி

இந்தப் பிரெஞ்சுக்காரரின் நாட்டில் ‘ஃபோர்’ என்று எழுதியிருக்கிற எதையும் நம்பக்கூடாது. கடுங்காரம் என்று அர்த்தமாம். மாட்டிறைச்சியும் சிவப்பு அவரையும் போட்டுச் செய்கிற மெக்சிக்கோச் சாப்பாடான ஷிலி கொன் கார்னுக்கென்று ஒரு தூள் வாங்கினேன். பைக்கற்றில் இரண்டு மிளகாய்ப் படம். நாக்கில் வைத்தால் செங்கல் தூள். இவர்களுக்கு ஒரு மோர்மிளகாயைப் பொரித்துக் கொடுத்தால் அம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். பைக்கற்றைக் குப்பையில் போட்டுவிட்டு எங்கள் வறுத்த தூளை எடுத்தேன்.

நான் மாடு சாப்பிடுவதில்லை. வாங்குவதற்கே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் போய், முருங்கையிலைக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவந்தேன். எங்கள் கடைத்தெருவான லா ஷப்பலில் தும்மினால் புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து நலம் விசாரிக்கிற சனம் எங்களுடையது. எல்லாம் மகளுக்காகத்தான். என் கணவர் இறந்தபிறகு அண்ணைதான் எங்கள் வீட்டு நீதிபதி. போன மாரியில் குளிர்ப்பெட்டியில் அவள் வைத்திருந்த மாட்டு பர்கரைக் கண்டு, “இது சாமி இருக்கிற வீடு” என்று தூக்கி எறிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பொபினியில் ஒரு சிநேகிதியோடு போய் இருந்துவிட்டாள். ஞாயிறுகளில் வருவாள். கோட்டைக் கழற்றாமல் தேத்தண்ணி குடிப்பாள், போய்விடுவாள். “ஷிலி வச்சா சாப்பிடுறன்” என்று போன கிழமை சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். நான் பகிடியாக எடுக்கவில்லை.

வெங்காயமும் சீரகமும் வதங்கும்போதே எதிர்வீட்டு மதாம் கதவைத் தட்டினாள். நான் தாளிக்கிற நாளெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்குகிறவள். இன்றைக்குச் சிரித்தாள்.

“என்ன அருமையான வாசம், மதாம்! ஷிலியா?”

“உய்” என்றேன், ஓம் என்பதற்கு.

“நீங்கள் மெக்சிக்கோவா? எனக்குத் தெரியாமல் போயிற்றே!”

அதே சீரகம், அதே வெங்காயம், அதே யாழ்ப்பாணத் தூள். பெயர் மாறினால் நாற்றம் வாசமாகிவிடுகிறது இவர்களுக்கு. அதற்கும் “உய்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அடுத்து அண்ணை. உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“மாடோ?”

“ஓம், அண்ணை.”

“உனக்கென்ன விசரே?”

அண்ணை ஒரு பிரஸரியில், பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடையில், சமையல்காரர். நாள் முழுக்க மாட்டிறைச்சியைப் பிரட்டுகிற கை அது.

“அங்கை நாக்கிலை வைச்சுத்தானே சோஸுக்கு உப்புப் பாக்கிறியள்?” என்றேன்.

“அது வேலை. இது வீடு. இனி இஞ்சை நான் பச்சைத்தண்ணியும் குடியன்.”

போய்விட்டார். சம்பளத்துக்கு ஒரு நாக்கு, சாமிக்கு ஒரு நாக்கு வைத்திருக்கிற பெரிய மனிதர். போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனாலும் படியில் அவர் காலடி மறையும்வரை கதவைச் சாத்தவில்லை. எனக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவர்தான்.

மகள் வந்தாள். கோட்டோடு நின்றபடியே ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தாள்.

“அம்மா, இது ஷிலி இல்ல, கறி. உப்பும் இல்ல. தா பா கூத்தே?”

ருசி பார்க்கவில்லையா என்று கேட்கிறாள். எப்படிப் பார்ப்பேன்? சாமிக்குப் படைக்கிற பொங்கலுக்கு உப்புப் பார்க்காமல் இறக்கிப் பழகிய கை. மாட்டையும் அப்படியே இறக்கிவிட்டேன்.

“நான் இது சாப்பிடுறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே, பிள்ளை.”

“அப்ப எனக்கு மட்டும் வச்சீங்களா? வேற ஆளுக்கு மாதிரி?” கரண்டியை வைத்தாள். “இதுவும் மாமா வீடுதான்.” கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டத் தொடங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. மதாமில், அண்ணையில், இவளில், எல்லாரையும்விட வாயைத் திறக்காமலே காலம் கழித்த என்னில். அகப்பையால் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். உப்புக் குறைந்தும் நல்ல ருசி. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“ஓம், உப்புக் காணாது” என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, “சோறு இருக்கா?” என்று கேட்டாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறோடு, குழம்பு பட்ட கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.