மீட்டர்காரரின் நெஞ்சு

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் மெக்கானிக்காக இருந்தவர். பில் எகிறிவிட்டது, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் இவர் குரலை உயர்த்தியதே கிடையாது. மீட்டரைக் கழற்றுவார், பக்கத்து வீட்டுக் குழாயில் மாட்டுவார். அங்கே சரியாக ஓடினால், "மீட்டர்மேல தப்பில்லீங்க, உங்க வீட்டுக்குள்ளதான் எங்கயோ ஒழுகுது" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிள் கூட்டத்தில் இவருக்கு மீட்டர் அண்ணன் என்றுதான் பெயர்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை திட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எல்லாம் அறுபதைத் தாண்டிய கிழங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர். வருஷத்துக்கு ஒருமுறை முந்நூறு. தெருமுனைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொன்னால் முழங்கால் வலிக்கும், முந்நூறுக்கு வலிக்காது. இவருக்கு வயது அறுபத்தாறு, இந்தப் பைத்தியத்துக்கு வயது இருபது. தன் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நாற்பத்தாறுதான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

போன வருஷம் அந்தத் துடிப்பு தடம் மாறியது. ஓட்டும்போது நெஞ்சில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். அது துடிப்பை எண்ணி, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரைக்கு அனுப்பும். திடீரென்று நூற்றெண்பது காட்டும், அடுத்த நிமிஷம் தொண்ணூறுக்கு இறங்கும். மேடு ஏறினால் முன்பில்லாத அளவுக்கு மூச்சும் வாங்கியது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவர் பேட்டரியை மாற்றினார். பட்டையை நனைத்துக் கட்டினார். சோப்புப் போட்டு அலசினார். கடைசியில் புதுசாகவே ஒன்று வாங்கினார். ஆக மூன்று மாதம் பட்டைக்கு வைத்தியம் நடந்தது.

"புதுசும் கோளாறுதான். சும்மா உக்காந்திருக்கேன், நூத்தி அறுபதுங்குது" என்றார் ஒரு மாலை, நாற்காலியில் இருந்தபடி.

"இங்க கொடுங்க."

உள் அறைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றேன். எழுபத்தாறு. எழுபத்தேழு. எழுபத்தாறு. இவர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மீட்டர்மேல தப்பில்லீங்க" என்றேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன்; மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டருக்கு எங்கள் மகள் வயதிருக்கும். ஈசிஜி தாளைக் காட்டி நிதானமாகச் சொன்னாள்.

"இதயத்தோட மேல் அறைங்க சீரா துடிக்கலைங்க. வருஷக்கணக்கா ரொம்ப தூரம், ரொம்ப கடுமையா ஓட்டுறவங்கள்ல சில பேருக்கு அந்த அறைங்க விரிஞ்சுடும். ரத்தம் தேங்கி உறைஞ்சு, அது மூளைக்குப் போனா பக்கவாதம் வரலாம்."

"அப்ப சைக்கிளாலதான் கெட்டேனா?" இவர் குரல் கம்மிவிட்டது.

"சைக்கிள் உங்களுக்கு நல்லதும் நிறைய பண்ணியிருக்கு. விடச் சொல்லல, அளவா ஓட்டச் சொல்றேன். இப்போதைக்கு ஒரு மணி நேரம், பேசிக்கிட்டே ஓட்டுற வேகம். முந்நூறு மட்டும் வேணாம்."

மாத்திரைகள் ஆரம்பமாயின. துடிப்பு மெல்ல வழிக்கு வந்தது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரையும் டாக்டரிடம் விரட்டினார் இவர். தினமும் காலையில் பட்டையை முதலில் நான் கட்டிக்கொள்ள வேண்டும், பிறகுதான் இவர். "முதல்ல நல்ல லைன்ல போட்டுப் பாக்கணும்" என்பார். நான் சலித்துக்கொள்வேன். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

நாலாம் மாதம், சைக்கிள் கூட்டத்தில் இருக்கும் தையல்காரர் ஒருவர் போனில் உளறிவிட்டார். இவரும் முந்நூறுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம், எனக்குத் தெரியாமல்.

"இப்பத்தான் சீரா இருக்கே. கடைசியா ஒரே ஒரு தடவை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கத்தவில்லை. இருபது வருஷம் கத்தியும் கேட்காத காது. முந்நூறு ஓட்டவேண்டிய நாள் வந்தது. அன்று காலையும் வழக்கம்போலப் பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தேன். அதற்குள் வாசலில் தையல்காரரின் சைக்கிள் மணி. இவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். பட்டை இரண்டு பேருக்குமே நினைவில்லை. நானும் பின்னாலேயே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிளில் ஏறியவர் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நூத்திப் பதினெட்டா? இன்னும் மிதிக்கவே இல்லையே!"

இறங்கினார். நெஞ்சைத் தடவினார். பட்டை அங்கே இல்லை. மெதுவாகத் திரும்பி, அசையாமல் நின்றிருந்த என்னைப் பார்த்தார். திரை நூற்றிருபதுக்கு ஏறியிருந்தது.

"நான் கிளம்புறப்பல்லாம் உனக்கு இப்படித்தான் அடிச்சுக்குமா?"

"எனக்கு யாரு மீட்டர் வச்சுப் பாத்தா?" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தையல்காரர் மறுபடி மணியடித்தார்.

"நீ போப்பா. நான் வரல" என்றார் இவர்.

சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையின் நாலு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் என்னை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நூற்றுப் பத்து. நூற்று இரண்டு. தொண்ணூற்று நாலு. எழுபத்தாறு வரும்வரை இவர் எழுந்திருக்கவில்லை.