பாகூர் சேற்றில் அறுபத்தொரு உப்புக்கொத்திகள்

போன ஏப்ரலில் பாகூர் வயல்களில் நாற்பத்து மூன்று பொன்னிற உப்புக்கொத்திகளை எண்ணி, எங்கள் பறவைக் குழுவின் பட்டியலில் பதிந்தேன். கையில் படம் இல்லை. “கடலோரத்துச் சாம்பல் உப்புக்கொத்தியாக இருக்கும்” என்று சரிபார்ப்பவர் பதிவை நீக்கிவிட்டார். ஒரு வருடமாக எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. இந்தப் பருவத்தில் இரண்டுக்குமே மார்பு கறுத்துவிடும். இறக்கையைத் தூக்கினால்தான் உறுதியாகத் தெரியும். சாம்பலுக்கு அக்குளில் கறுப்புத் திட்டு உண்டு, பொன்னிறத்துக்குக் கிடையாது. அந்த அக்குளைப் படம் பிடிக்கத்தான் இந்த ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு கிளம்பினேன்.

புதுச்சேரியில் காலை 5.20க்குக் கடலூர் பஸ், டிக்கெட் இருபது ரூபாய். 5.55க்குக் கிருமாம்பாக்கம். அங்கிருந்து ஏரிக்கரைக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். ஏரியோரச் சேற்றில் பொரி உள்ளான் பதினெட்டு, நெடுங்கால் உள்ளான் முப்பது. நான் தேடி வந்தது ஒன்றுகூட இல்லை.

ஏழரை மணிக்கு, சொர்ணவாரிப் பட்ட நெல் நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிராக்டரைப் பார்த்தேன். பின்னால் கொக்கு, மைனா, மஞ்சள் வாலாட்டி. நடுவில் பொன்புள்ளி முதுகுகள்! வரப்பில் குனிந்து பத்தடி போனேன், அத்தனையும் பறந்து அடுத்த வயலில் இறங்கின. மூன்று முறை இதே கதை. இதற்கென்றே வாங்கிய பச்சைச் சட்டை ஒன்றுக்கும் உதவவில்லை.

டிராக்டரை நிறுத்திவிட்டு ஓட்டுநர் சேகர் சிரித்தார்.

“இன்னாக்கா, பூனை கணக்கா பதுங்கிப் பதுங்கிப் போற? ஆள் நடந்தா பறந்துடும். வண்டிக்கு பயப்படாது. ஏறு, மட்கார்டுல குந்து.”

“படம் ஆடுமேப்பா?”

“கழனிக் கடைசில நிறுத்தறேன், ரெடியா இரு.”

ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கேமராவையும் பிடித்துக்கொண்டு போனேன். வயல் முனையில் எஞ்சினை அணைத்தார். பதினைந்தடி தூரத்தில் அவை பாட்டுக்கு மேய்ந்தன. எண்ணினேன், அறுபது. மறுபடி எண்ணினேன், அறுபத்தொன்று. இன்னொரு முறையும் அறுபத்தொன்றுதான். அப்போது ஒன்று சோம்பல் முறித்து இரண்டு இறக்கையையும் உயரத் தூக்கியது. அக்குளில் திட்டே இல்லை, சீரான புகைச்சாம்பல் நிறம். பதினோரு படங்கள்! கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

போன வருடக் கதையைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

“எங்கேர்ந்துக்கா வருது இது?”

“சைபீரியாப்பா. ரஷ்யாவோட வடகோடி.”

“அவ்ளோ தூரத்துலேர்ந்து என் சேத்துக்கா வருது?” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்ல சமயம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாங்காது. கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை அவசியம், நான் எடுத்துப்போகாமல் லென்ஸெல்லாம் சேறு. ஏரியில் காணவில்லையென்றால் டிராக்டர் சத்தம் வரும் பக்கம் போங்கள். ஓட்டுபவரைக் கேட்காமல் வயலில் கால் வைக்காதீர்கள்.

மறுநாள் பதிவு ஏற்கப்பட்டது. நீக்கியிருந்த போன வருட நாற்பத்து மூன்றும் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. பார்த்தவர்கள் என்ற இடத்தில் சேகர் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். போன் செய்து சொன்னேன்.

“பின்ன இன்னாக்கா? இல்லன்னு எப்டி சொல்வாங்க? நான் பாத்தேன்ல!”

ஒரு வருடமாக நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.