அண்ணியின் மூன்று போர்டுகள்

நாத்தனார் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பட்டறை முழுவதற்கும் அண்ணியாகிவிட்டவள் அந்த எலக்ட்ரீஷியன். முதலாளிக்கும் அவள் அண்ணிதான். சம்பள உயர்வு கேட்கும் நாளில் மட்டும் "ஏம்மா".

நாத்தனாருக்கு வேலை பிரஸ் மெஷினில். தகரத்தை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் அச்சு இறங்கினால் விரல் போய்விடும். ஏற்கெனவே ஒருத்திக்குப் போயிருந்தது. "அவ கவனக்குறைவு" என்று முதலாளி தீர்ப்பு சொல்லிவிட்டார். குறைந்தது அவளுடைய கவனம் என்பதால் அவருக்குச் செலவில்லை.

கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சர்க்யூட் ஒன்றை அண்ணி பிரெட்போர்டு என்னும் துளைப் பலகையில் போட்டுப் பார்த்தாள். அதற்கு ஈயம் உருக்கிச் சாலிடர் வைக்க வேண்டாம்; துளையில் வயரைச் செருகலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கலாம். யோசிப்பதற்கு அதைப்போல வராது. சர்க்யூட் வேலை செய்தது.

"அப்புறம் என்ன? அப்படியே மாட்டிடு" என்றார் முதலாளி.

மாட்டினாள். பிரஸ் அதிர அதிர வயர்கள் நழுவின. யாரும் கையை வைக்காமலே மெஷின் நின்று நின்று போனது.

"உற்பத்தி கெடுது. நாளைக்கு அத கழட்டி எறி!"

"நாளைக்கு நான் பத்து விரலோடதான் வருவேன் அண்ணி. சாயந்தரம் எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் காலை அண்ணி முதலாளியின் மேஜையில் மூன்று போர்டுகளைப் பரப்பினாள்.

"தப்பு சர்க்யூட்ல இல்ல சார், போர்டுலதான். பிரெட்போர்டு அதிர்வு தாங்காது. இந்த டாட் போர்டுல சாலிடர் வச்சா தாங்கும். ஆனா ஒவ்வொரு இணைப்பும் கையால போடணும், ஒண்ணு ரெண்டுக்குத்தான் சரிப்படும். எல்லா மெஷினுக்கும்னா பிசிபி அடிச்சுடலாம். செம்புப் பாதை போர்டுலயே பதிஞ்சு வரும்."

"செலவு உங்க மாமனாரா குடுப்பாரு?"

விரல்களைப் பற்றிச் சொன்னாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெருமூச்சு விட்டு பிசிபியை எடுத்தபோது அவர் கண் அதில் விழுந்தது.

"அதென்ன வெள்ளையா எழுதியிருக்கு?"

"செஞ்ச கம்பெனி பேரு சார்." ஒரு கணம் நிறுத்தினாள். "என்ன பேரு வேணாலும் அடிச்சுக்கலாம்."

போன் மேஜைக்கு இறங்கியது.

"என் பேரு வருமா?"

"இனிஷியலோட வரும் சார்."

பெயர் முதலாளியுடையது, விரல்கள் கூலிக்காரிகளுடையவை. எதற்குச் செலவழிப்பது என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. அன்றே எல்லா மெஷினுக்கும் ஆர்டர் போனது.

போர்டுகள் வந்து மாட்டியதும் நாத்தனார் குனிந்து பார்த்தாள். "கண்டுபிடிப்பு: அவராம்! உங்க பேரு எங்க அண்ணி?"

"எடம் பத்தலடி. அவரு பேரு நீளம்."

அன்று சாயந்தரம் வாசலில், நாத்தனார் பத்து விரல்களையும் அண்ணியின் மூக்குக்கு நேரே விரித்து நின்றாள்.

"எண்ணிக்கங்க."