கேன் தண்ணீர்

எங்கள் வீட்டில் அதுவரை மீன் என்றால் சட்டியில்தான் இருக்கும். அம்மா கடலோரக் கனகசெட்டிக்குளத்துக்காரி. கோபித்துக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து அப்பா யாரோ கோல்டுஃபிஷ் வளர்த்துச் சலித்துப்போன ஒரு பழைய தொட்டியை உழவர்கரையில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதில் கடல் மீன் விடப்போகிறேன் என்றார். இந்த வீட்டில் கடல் வாசமே இல்லை, மூச்சு முட்டுகிறது என்று அம்மா எப்போதோ சொல்லியிருந்தாள். அவள் சொன்ன குறைகள் நூறு. அப்பா பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

தொட்டியிலிருந்த கலர் கற்களைக் கொட்டிவிட்டுக் கடல் மணலைப் பரப்பினோம். அம்மாவின் தம்பி, என் மாமா, படகில் போகும்போது மொண்ட தண்ணீரைக் கேன்களில் கொடுத்தார். அப்பா விரலை நனைத்து நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார். பிறகு மாமா பிடித்துத் தந்த, கறுப்பு வரி போட்ட நான்கு குட்டி மீன்களை விட்டோம். அவை நன்றாக நீந்தின. போட்டோ அம்மாவின் போனுக்குப் போனது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒருநாள் வருகிறேன் என்று பதில் வந்தது. அப்பா அன்றைக்கே அவள் தலையணைக்கு உறை மாற்றினார்.

மே மாத வெயிலில் தண்ணீர் தினமும் குறைந்தது. வேலைக்குப் போகும்முன் அப்பா கண்ணாடியில் ஒரு கோடு போட்டார்.

"கோட்டுக்குக் கீழ எறங்கினா கொடத்துத் தண்ணிய ஊத்து. கேன்ல கைய வைக்காத."

எனக்கு அது அப்பாவின் கஞ்சத்தனமாகப் பட்டது. கடல் மீனுக்கு யாராவது குழாய்த் தண்ணீர் ஊற்றுவார்களா? மூன்று வாரமும் தினம் ஒரு சொம்பு கேன் தண்ணீரையே ஊற்றினேன். தண்ணீர்தான் வற்றுகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா வந்த அன்று காலையில் நான்கும் மிதந்தன.

அவள் தொட்டியருகே வெகுநேரம் நின்றாள். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"கடல்தண்ணி இவ்ளோ கரிக்காதே. யார் உப்பக் கொட்டினது?"

அப்பா காலியாகக் கிடந்த கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாந்தான்," என்றார்.

"அதுங்கள அங்கயே வுட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் வரவே இல்லை.

அந்த நான்கு மீன்கள் பிழைத்திருந்தால் அம்மா தங்கியிருப்பாள் என்று வெகுகாலம் நம்பினேன். குளிக்கும்போதுகூடச் சொம்பைத் தொட மனம் வராது. என்னைப் போல ஒரு பாவி உண்டா என்று அழுதிருக்கிறேன். அன்று அவள் என் தம்பியைத் தூக்கி வரவில்லை, மாற்றுச் சேலை வைத்த பைகூடக் கையில் இல்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்குவதற்கு வரவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் "நாந்தான்" என்றார்.