அவள் எழுதித் தந்த வார்த்தைகள்

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேறியாக வேண்டும். மும்பை செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டே பேர்: நானும், மாட்டுங்காவிலிருந்து வந்த என் தோழியும். அவள் கான்வென்டில் படித்தவள். நான் தாராவியில் தமிழ் மீடியம். நர்சிங் படிக்கப் போன பிறகுதான் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினேன்.

கோச்சிங் கிளாஸெல்லாம் வீண், நானே சொல்லித் தருகிறேன் என்றாள். தினமும் சாப்பாட்டு வேளையில் இருபது வார்த்தைகள் எழுதித் தருவாள். 'ப்ராப்ளம்' என்று எழுதாதே, 'ப்ரிடிகமென்ட்' என்று எழுது. 'மெனி' வேண்டாம், 'பிளெதோரா'. பஸ்ஸில் தொங்கிக்கொண்டும், தண்ணீர் பிடிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். யாரைத் திட்டுகிறாய் என்று அம்மா கேட்டாள்.

தேர்வில் நீங்கள் வசிக்கும் இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எங்கள் சந்தில் குழந்தைகள் 'பிளெதோரா' என்றேன், பக்கத்து வீட்டுச் சண்டை 'யுபிக்விட்டஸ்', அதாவது எங்கும் நிறைந்தது, என்றேன். எதிரே இருந்த பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சாதாரணமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குச் சாதாரணமாக ஒன்றும் வரவில்லை.

அரை மதிப்பெண்ணில் போயிற்று. அதே மாதம் எழுதிய அவள் தேறிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறைக்கு இன்னும் நூறு வார்த்தை படிக்கலாம் என்றாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, தன் லாக்கரிலிருந்து சார்ஜரை எடுத்து வரச் சொன்னாள். சார்ஜருக்கு அடியில் மாட்டுங்காவில் உள்ள ஒரு கோச்சிங் கிளாஸின் நோட்டு. முதல் பக்கத்திலேயே அவள் கையெழுத்து: பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்து திணித்தால் மதிப்பெண் குறையும், எளிமையாகப் பேசு. சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு. மேலே போட்டிருந்த தேதி, எனக்கு முதல் இருபதை எழுதித் தந்ததற்கு ஒரு வாரம் முந்தையது.

நோட்டை அவள் முன்னால் வைத்தேன். "இது தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்கு எழுதித் தந்தியா?"

அவள் மறுக்கவில்லை.

"வார்டுல எல்லாரும் உன்னைத்தான் கூப்பிடறா. ஊசி போட நரம்பு கிடைக்கலைன்னா நீ, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா நீ. இங்கிலீஷ் ஒண்ணுலதான் நான் உனக்கு மேல இருந்தேன்."

"சொல்லித்தர மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் தனியாப் படிச்சிருப்பேம்லா," என்றேன். மருந்து கொடுக்கும் நேரமாகியிருந்தது, வார்டுக்குப் போய்விட்டேன்.

அவளை வழியனுப்ப ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். நான் லீவு போட்டேன். நாலு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினேன். பேசியதெல்லாம் நோயாளிகளிடம் பேசும் ஆங்கிலம்தான். விசா வருவதற்காகக் காத்திருக்கிறேன். வந்தால் என்னோடு தங்கிக்கொள் என்று அங்கிருந்து மெசேஜ் அனுப்புகிறாள். அந்த அழைப்பை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை பதில் போடவில்லை.