கடலில் ஒட்டிய பொட்டு

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் பஸ் சூடாகி நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்டு, பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறேன். வகுப்பில் பெரிய உலகப்படம் தொங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் போனில் கேட்டு, இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதி வந்து, அதை மட்டும் வைத்து அவர் இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்த இடத்தில் ஒரு ஒட்டுப்பொட்டு. என் காலத்தில் தலைநகரங்களை மனப்பாடம் செய்ததோடு சரி.

துர்கா என்ற பிள்ளையின் பொட்டு மட்டும் கடலில் இருக்கிறது. அவளுடைய அம்மா சவூதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார்.

"அம்மா நேரத்த எப்படிப் பார்த்தாங்க?" என்று கேட்கிறார் டீச்சர். மாத்தளை டவுனிலிருந்து வரும் முஸ்லிம் பெண்.

"சமைக்கிற குசினியில ஜன்னல் இல்ல டீச்சர். காலையில பள்ளிவாசல்ல மொத பாங்கு கேட்டா விடிஞ்சிருச்சு, பொழுது சாயிற பாங்கு கேட்டா இருட்டிருச்சுன்னு சொன்னாங்க."

"சாயந்தர பாங்கு சரிதான் மகள். ஆனா காலையில அந்த மொத பாங்கு, சுபஹ் பாங்கு சொல்றப்ப இன்னும் இருட்டுதான். சூரியன் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். அதான் பொட்டு தள்ளி வந்திருச்சு."

"எந்தப் பக்கம் டீச்சர்?"

"நம்ம பக்கம்."

டீச்சர் பொட்டை உரிக்க நகத்தை வைக்கிறார்.

"இன்னைக்கு மட்டும் அங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்கிறாள் துர்கா.

ரோட்டில் பஸ் ஹார்ன் அடிக்கிறது. நான் நகரவில்லை. டீச்சர் நகத்தை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் அந்தப் பொட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுகிறார்.